நானாவின் சிரட்டைப் பலகை

முல்லைத்தீவுக் கடற்கரையில் வள்ளம் தள்ளுகிறவனைப் பார்த்து, “எங்கை போறாய்?” என்று கேட்கக்கூடாது. கேட்டால் அன்றைக்கு அவன் போகமாட்டான். இதை எனக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தந்தி அடிக்கும் உத்தியோகத்துக்காக அங்கே போய் இறங்கிய முதல் வாரமே, கடற்காற்று வாங்கலாமென்று காலையில் கரைக்குப் போய், ஐந்து பேர் தோள்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த வள்ளத்தைப் பார்த்து மரியாதைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்துச் செம்மண் ஊர்க்காரன் நான். எங்கள் ஊரிலும் வெளிக்கிடுகிறவனை அப்படிக் கேட்பது சரியில்லைதான். ஆனால் கேட்டுவிட்டால் கொஞ்ச நேரம் குந்தியிருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். இங்கே வள்ளம் பாதி மணலில் நின்றுவிட்டது. மூத்தவர் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மற்ற நாலு பேரும் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“விடுங்கோடா, தம்பி புதுசு. தம்பி, நீங்கள் இஞ்சாலை வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்.”

நானாவை அப்படித்தான் அறிந்தேன். கரையை ஒட்டி ஓலைக் கொட்டிலில் தேநீர்க்கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். அண்ணனை முஸ்லிம்கள் கூப்பிடுகிற மாதிரி, ஊரில் எல்லோருக்கும் அவர் நானாதான். ஐம்பது வயதிருக்கும். வயிற்றுக்கு மேலே ஏற்றிக் கட்டிய கட்டம்போட்ட சாரம், தலையில் வெள்ளைத் தொப்பி, தோளில் எந்நேரமும் ஈரத் துவாய். சாதி பார்க்கத் தெரியாத கடை அது. ஊர்த் தலைவரான விதானையாருக்கும் வலை இழுக்கிறவனுக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ், உட்கார ஒரே வாங்கு.

அன்றைக்குத் தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, “அந்தக் கேள்வியை அப்பிடிக் கேக்கிறேல்லைத் தம்பி. கேக்கிற மாதிரிக் கேக்கவேணும். பாருங்கோ,” என்றார். அந்த நேரம் இரண்டு பேர் வெளிக்கிட ஆயத்தமாகத் தேநீர் குடிக்க வந்தார்கள். நானா கிளாஸை நீட்டினார். ஆனால் கையை விடவில்லை.

“எந்தப் பக்கத்தாலை வருவியள்?”

“நாயாத்துப் பக்கத்தாலை.”

“எப்ப வருவியள்?”

“பத்து மணிக்கிடையிலை.”

“சிவப்புத் துணி?”

ஒருவன் மடியிலிருந்து ஒரு முழச் சிவப்புத் துணியை இழுத்துக் காட்டினான்.

“வள்ளம் பிரண்டால்?”

“வள்ளத்தை விடமாட்டம் நானா. பிடிச்சுக்கொண்டு கிடப்பம். தேத்தண்ணி ஆறப்போகுது.”

அதற்குப் பிறகுதான் கையை விட்டார். போவதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை, எல்லாம் வருவதைப் பற்றியே. வருவாய் என்று சொன்னால் கடலுக்குப் போகிறவனுக்கு மனம் குளிரும். நானாவுக்கும் வேண்டிய விவரம் கிடைத்துவிடும். அந்தக் கெட்டித்தனத்தை நினைத்து நான் அன்று முழுவதும் தனியே சிரித்தேன்.

கடையின் முன்பக்கத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு நீளமான பனம்பலகை இருந்தது. அதில் தேங்காய்ச் சிரட்டைகள் வரிசையாக இருக்கும், வள்ளத்துக்கு ஒன்று. எந்தச் சிரட்டை எந்த வள்ளம் என்பதற்குச் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டிருப்பார். வள்ளம் கடலில் என்றால் சிரட்டை கவிழ்ந்திருக்கும். திரும்பி வந்தவன் எவ்வளவு களைத்திருந்தாலும் கடைக்கு வந்து தன் சிரட்டையைத் தானே நிமிர்த்தவேண்டும். நிமிர்த்தாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்தவனை எழுப்பி, நடத்திக்கொண்டு வந்து நிமிர்த்தவைத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் செய்த மனிதர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட வள்ளத்தில் ஏறியதில்லை என்பதுதான் வேடிக்கை. கடல் மட்டுமல்ல, குளத்திலும் முழங்காலுக்கு மேலே இறங்கமாட்டார். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். யாரையோ கடலுக்குக் கொடுத்த கதை ஒன்று வருமென்று ஆயத்தமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அடுப்பிலிருந்து கேத்திலை இறக்கி வைத்துவிட்டு, “ஆர் குடிச்சது, ஆர் குடிக்கேல்லை எண்டு பாக்கிறதுதானே தம்பி தேத்தண்ணிக்காரன்ரை வேலை. இதுக்கேன் கதை?” என்றார்.

இந்த வேலை கடலோடு நிற்கவில்லை. ஒருமுறை அவரோடு வவுனியாவுக்குப் பஸ்ஸில் போனேன். மாங்குளத்தில் தேநீர் குடிக்க நிறுத்தி, திரும்ப வெளிக்கிட்டபோது நானா எழுந்து, “டிரைவர், ஒராள் குறையுது,” என்றார். கொண்டக்டர் இல்லையென்றான். “ஏறினது முப்பத்தொரு பேர். நீலக்கரைச் சீலை உடுத்த அவாவைக் காணேல்லை,” என்றார் நானா. பஸ் நின்றது. நீலக்கரைச் சேலைக்காரி கிணற்றடியில் ஆறுதலாக முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று திரும்பிவரும்போதும் அதே பஸ். ஒவ்வொரு தரிப்பிலும் டிரைவர் பின்னால் திரும்பி, “நானா, சரியோ?” என்று கேட்டு, அவர் “ஓம், விடுங்கோ,” என்ற பிறகுதான் எடுத்தான்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆசைக்கு ஒன்பது மணிவரை படுத்துக்கிடந்தேன். வழக்கமாக ஏழு மணிக்குத் தேநீர் குடிக்க வருகிறவனைக் காணவில்லையென்று மூன்று வலைக்காரர்களை அனுப்பிவிட்டார். அவர்கள் இரண்டு தரம் கூப்பிட்டார்கள். பதில் வராததால் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நான் பதறி எழுந்து, இன்றைக்கு லீவு என்றேன். “அதை எங்களுக்குச் சொல்லவேணாம். வந்து நானாட்டைச் சொல்லுங்கோ,” என்று என்னைச் சாரத்தோடு கூட்டிக்கொண்டு போனார்கள். எரிச்சல் வந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் அந்த ஊரில் எனக்கு யாருமில்லை என்று வீட்டுக்குக் கடிதம் எழுதுவதை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிட்டேன்.

நானாவைப் பற்றிச் சொல்லவேண்டிய பெரிய விஷயம், அவர் வாய். நாள் முழுவதும் ஓயாத அந்த வாய்க்குள் ஒரு பெரிய இரகசியக் கிடங்கு இருந்தது. கடலுக்கடியில் பாறை இருக்கிற, மீன் கூடுகிற இடத்தைப் பார் என்பார்கள். புதிதாக ஒரு பாரைக் கண்டுபிடித்தவன் அதைப் பெண்சாதிக்கும் சொல்லமாட்டான். தெரிந்தால் மறுநாளே கரை முழுவதும் அங்கே நிற்கும். ஆனால் நானாவுக்கு மட்டும் காதோடு காதாகச் சொல்லுவான், திரும்பி வராவிட்டால் எங்கே தேடவேண்டும் என்று ஒருத்தருக்காவது தெரிந்திருக்கவேண்டுமே. எத்தனை பேருடைய பார் அவருக்குத் தெரியுமென்று ஒருவருக்கும் தெரியாது. கடலில் கால்வைக்காத அந்த மனிதருக்குக் கடலின் அடி முழுவதும் மனப்பாடம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன், எனக்கு லீவு நாள் அது.

தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலம். காலையில் கடல் தட்டையாகக் கிடந்தது. அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் தங்கள் பாய் வள்ளத்தில் போயிருந்தார்கள். நாயாற்றுப் பக்கம் போவதாக ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கச்சான் எழும்பியது. காட்டுப் பக்கமிருந்து வீசி, வள்ளத்தைக் கரைக்கு வரவிடாமல் ஆழத்துக்குத் தள்ளுகிற காற்று அது. ஒவ்வொரு வள்ளமாகத் திண்டாடி வந்து சேர்ந்தது. பதினொரு மணிக்குப் பலகையில் ஒரேயொரு சிரட்டை கவிழ்ந்து கிடந்தது.

விதானையார் வந்தார். எஞ்சின் பூட்டிய வள்ளங்கள் கரையில் மூன்று இருந்தன. எல்லாவற்றையும் தெற்கே நாயாற்றுக்கு விடச் சொன்னார். நானா துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“தெற்கே இல்லை ஐயா. வடக்கே.”

“வடக்கே எவ்விடம்?”

நானா சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார்.

“கடல் தெரியாத ஆள் நீர். நாயாத்துக்கு எண்டு அவங்களே சொன்னவங்கள். நேரத்தை வீணாக்காதையும்,” என்றார் விதானையார். இரண்டு வள்ளங்கள் தெற்கே போய்விட்டன. மூன்றாவது, அந்தச் சகோதரர்களின் மச்சான்காரனுடையது. நானா அவனுடைய கையைப் பிடித்து நிறுத்திவைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

“தம்பி, தந்தியிலை வாறதை வெளியிலை சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணித்தானே உங்களுக்கு வேலை தந்தவங்கள்?”

“ஓம்.”

“அப்ப எழுதுங்கோ.”

கடையின் பின்பக்கத்தில் வைத்து, அண்ணனும் தம்பியும் தனக்கு மட்டும் சொல்லியிருந்த பாருக்கான அடையாளத்தைச் சொன்னார். எந்த மரம் எந்தக் கோபுரத்துக்குப் பின்னால் மறையவேண்டும், எந்த மணல்மேடு எதனோடு சேரவேண்டும் என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. சத்தியம் இன்னும் அப்படியே இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கப்பல் கேட்கும் தந்தியாக, சட்டைப்பையில் கிடந்த படிவமொன்றில் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டேன்.

“நாலரைக்கிடையிலை நாங்கள் வராட்டி அடியுங்கோ.”

“நாங்களோ? ஆர் நானா போறது?”

“நான்தான்.”

நான் அவர் வயிற்றைப் பார்த்தேன், பிறகு கடலைப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. “இடத்தைச் சொல்லிவிட்டால் மச்சான்காரன் போவான்தானே. ரெண்டு உயிர், நானா. பாரை ஒளிக்கிற நேரமோ இது?”

“அவனுக்குச் சொல்லத்தான் போறன், கடல்லை வைச்சு. கரையிலை வைச்சுச் சொன்னால் இருபது காது. சொன்ன அண்டைக்கே எல்லாருக்கும் தெரியும், நானா வாய் திறந்திட்டார் எண்டு. பிறகு ஒருத்தனும் எனக்கு உண்மை சொல்லமாட்டான் தம்பி. அடுத்தமுறை ஒருத்தன் வராட்டி எங்கை போய்த் தேடுறது?” என்றார். “அதோடை, மனப்பாடம் எனக்குத்தான். மச்சான்காரன் அவசரத்திலை பிழைவிட்டிடுவான்.”

குசினி மூலையில் எரிக்க வைத்திருந்த சிரட்டைகளில் ஒரு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டார். தண்ணீர்க் குடம் ஒன்று, ஓலையில் சுற்றிய பனங்கட்டிச் சரை ஒன்று. இரண்டு பேர் தூக்கி வள்ளத்தில் வைத்தார்கள். வைத்தவுடனேயே கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அல்லாவைக் கூப்பிட்ட சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் எங்களுக்குக் கேட்டது.

கடை என் பொறுப்பில் விடப்பட்டது. தேநீர் போட்டுக்கொடுத்தேன். குடித்தவர்கள் கிளாஸுக்குள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார்கள். இருந்தும் குடித்து முடித்தார்கள். நேரம் அப்படிப்பட்டது. ஒரு மணிக்கு மூத்தவனின் பெண்சாதி இடுப்பில் பிள்ளையோடு வந்து பலகைக்கு முன்னால் நின்றாள்.

“ஐயா, உங்களுக்குத் தெரியும் எண்டு சொல்லுகினம். எங்கை போனவை?”

என் சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது. கரையில் கேட்கக்கூடாத கேள்வியை அவள் கேட்டுவிட்டாள், எனக்குப் பதில் தெரியும், வாயைத் திறக்கமுடியவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு உத்தியோகமும் வேண்டாம், சத்தியமும் வேண்டாம் என்றிருந்தது.

“வடக்காலை வருவினம்,” என்றேன். நானா பழக்கிவிட்ட வாய்.

அவள் வடக்கே திரும்பிப் பார்த்தாள். “நானாவுமோ போனவர்? அவர் குளத்துக்கே இறங்கமாட்டாரே,” என்று சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். மிச்சமிருந்த சிரட்டைகளில் நல்லதாக ஒன்றைத் தேடியெடுத்து, சாம்பலைத் தட்டிவிட்டு, தன் புருஷனின் சிரட்டைக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்தாள். அத்தனை வருடமும் நானாவுக்கு அந்தப் பலகையில் ஒரு சிரட்டை இருந்ததில்லை.

கடலில் நடந்ததை மச்சான்காரன் பிறகு வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தான், இடத்தை மட்டும் விட்டுவிட்டு. முதல் அரை மணிநேரம் நானா கடலுக்குள் தலையை நீட்டிச் சத்தி எடுத்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, கரையைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம். மரம் மறையட்டும். இப்ப சோத்தாங்கைப் பக்கம்,” என்று சொல்லி, முன்பின் பார்த்திராத அந்த இடத்துக்குப் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். தன் பெண்சாதியின் கூடப்பிறந்தவர்கள் தனக்கே இந்தப் பாரை ஒளித்துவிட்டார்களென்று மச்சான்காரனுக்கு அங்கே வைத்துக் கோபம் வந்துவிட்டது. “கண்டுபிடிச்சாப் பிறகு கோபி,” என்றார் நானா.

அங்கே வள்ளமில்லை. ஒரு மரக்கட்டைகூட இல்லை. நானா சாக்கை அவிழ்த்துச் சிரட்டைகளைத் தண்ணீரில் கொட்டச் சொன்னார். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று கிழக்கே தள்ளினாலும், தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்த சிரட்டைகள் மெல்ல மெல்ல வடக்கே போயின. “காத்து உங்கை தள்ளுது, நீரோட்டம் அங்கை இழுக்குது. வள்ளம் ரெண்டுக்கும் நடுவாலை போயிருக்கும். நடுவாலை விடு,” என்றார். நடுவால் ஒன்றரை மணிநேரம் ஓடினார்கள். கரை மறைந்துவிட்டது. மச்சான்காரன் எண்ணெயைப் பார்த்துவிட்டு, திரும்புவோமா என்று கேட்டான். “இன்னும் ஒரு பீடி பத்துற நேரம்,” என்றார் நானா. பீடி பாதி எரிவதற்குள் தூரத்தில் சிவப்பாக ஏதோ அசைந்தது. பாய்மரம் முறிந்து, கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின் முதுகில் அண்ணனும் தம்பியும் குந்தியிருந்தார்கள். தம்பி துடுப்பின் நுனியில் துணியைக் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தான். கிட்டப் போனதும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, “நானா, வள்ளத்தை விடேல்லை.”

கரையில் எனக்கு மணிக்கூட்டைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. தெற்கே போன வள்ளங்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்தன. விதானையார் இரண்டு முறை என்னிடம் தாளைக் கேட்டார், சட்டத்தைச் சொல்லி மறுத்துவிட்டேன். நாலு இருபதுக்கு, தந்திக் கந்தோருக்குப் போவதற்காகக் கடைப் படலையைச் சாத்தினேன். அப்போது அந்தப் பெண், “எஞ்சின் சத்தம்,” என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் கேட்டது.

வடக்கால் வந்தார்கள். கவிழ்ந்த வள்ளத்தை நிமிர்த்திப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். சகோதரர்கள் இருவரும் தங்கள் காலில் இறங்கி நடந்தார்கள். நானாவைத்தான் நெல்லு மூட்டை மாதிரித் தூக்கிவந்து மணலில் வைத்தார்கள். அவள் புருஷனிடம் ஓடினாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன், எனக்கு இவர்களில் ஒருவரும் சொந்தமில்லை.

நானா தவழ்ந்து எழுந்து நேரே கடைக்கு வந்தார். அண்ணனும் தம்பியும் தங்கள் சிரட்டையை நிமிர்த்தும்வரை பார்த்து நின்றார். பக்கத்தில் இன்னொன்று கவிழ்ந்திருந்ததைக் கண்டு முகம் மாறியது.

“இது ஆர்? ஆர் இன்னும் வரேல்லை?”

“அது நீங்கள்தான் நானா,” என்றாள் அவள்.

நானா துவாயில் கையைத் துடைத்துக்கொண்டார். அதை மெல்ல நிமிர்த்திவைத்தார். பிறகு அடுப்படியிலிருந்த தேநீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, “இதை ஆர் போட்டது? கிளாஸ் கழுவின தண்ணியோ?” என்றார். கரை முழுவதும் சிரித்தது. நான் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அரசாங்கப் படிவம் ஒன்று எழுத்துப் பிழையால் பழுதாகிவிட்டதென்று போஸ்ட் மாஸ்டருக்கு எழுதிக்கொடுத்தேன். அந்தப் பாரில் அதன்பிறகு மூன்று பேர் மீன்பிடித்தார்கள், மச்சான்காரனையும் சேர்த்து. நாலாவது ஆள் ஒருவரும் வரவில்லை.

அடுத்த வருடம் எனக்குப் பதுளைக்கு மாற்றம் வந்தது. பஸ்ஸடிக்கு நானா வந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்பாரா அவர்?

“எப்ப வருவியள் தம்பி?”

“தைப்பொங்கலுக்கு வாறன் நானா,” என்றேன், எல்லோரும் சொல்லுகிற மாதிரி. பஸ் வெளிக்கிடுமுன் உள்ளே ஏறி ஆட்களை எண்ணிச் சரிபார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பொங்கலுக்குப் போகவில்லை. மலைநாட்டுக் குளிர், புது நண்பர்கள், சீட்டாட்டம். ஏதோ ஒரு சாட்டு. மாசி மாதத்தில் ஒருநாள் பின்னேரம் கருவியில் ஒரு தந்தி வந்தது. வழக்கம்போலப் பென்சிலை எடுத்து எழுத்தெழுத்தாக இறக்கினேன். முதலில் வந்தது என் பெயர். பதுளைத் தந்திக் கந்தோர். அனுப்பிய இடம் முல்லைத்தீவு. நானாவுக்குத்தான் ஏதோ என்று நினைத்துக்கொண்டே மிச்சத்தை எழுதினேன். என் இடத்துக்கு வந்த புதுப் பையன் நானா சொல்லச்சொல்ல ஆங்கிலமாக்கி அனுப்பியிருந்தான். அதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“உங்கடை சிரட்டை இன்னும் கவிழ்ந்து கிடக்குது. வள்ளம் அனுப்பவோ?”

அதை இரண்டு முறை வாசித்தேன். பக்கத்து மேசைக்காரன் என்ன சங்கதி என்று கேட்டான். தந்தியில் வருவதை வெளியில் சொல்லக்கூடாது என்றேன். லீவுக் கடிதத்தை எழுதி வைத்துவிட்டு, கருவிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து பதிலை நானே அடித்தேன்.

“சனிக்கிழமை. வவுனியாப் பக்கத்தாலை.”